நல்ல ரிப்போர்ட்

வாங்க தம்பி, வாங்க. இந்த வீட்டை வாங்கப் பார்க்கற சிங்கப்பூர்க்காரங்க, சோதிச்சுப் பார்க்கச் சொல்லி அனுப்பின சர்வேயர் நீங்கதானுங்களே? கவியரசன். போன்ல பேரைக் கேட்டதுமே எனக்குப் பாதி பாரம் இறங்கிப்போச்சு. பினாங்குல வீடு பார்க்க வர்றவரு சீனரோ மலாய்க்காரரோ, இங்கிலீஷ்ல பேசிப் பேசி வாய் வலிக்கோணுமேன்னு கவலைப்பட்டுட்டிருந்தேன். நம்ம ஆளு வந்துட்டீங்க.

அந்த ஏணியை அங்கயே சாத்தி வெச்சுட்டு சித்த உட்காருங்க. கூரை எங்கயும் ஓடிப் போயிராது. சாப்பிட்டீங்களா? சாப்பிட்டாப் பரவால்ல, இன்னொரு தடவை சாப்பிடலாம். கோழி இருக்கு, பச்சப்பயறு கடைஞ்சிருக்கேன். நானே சமைச்சதுங்க. வேண்டாமா? வேலைக்கு வந்த இடத்துல கை நனைக்கறதில்லையா? இந்த ஊர்ல எல்லாருக்கும் இதே ரூல்தான் போல. முன்ன இதே வேலைக்கு வந்த ஒரு பொண்ணும் இதையேதான் சொல்லுச்சு.

சேரி, தண்ணியாவது குடிங்க. இந்த வீட்டை நான் வாங்கின கதையைச் சொல்றேன், கேட்டுக்கங்க. எங்கெங்க பார்க்கோணும், எங்கெங்க பார்க்க வேண்டியதில்லைன்னு அப்புறம் உங்களுக்கே தெரிஞ்சு போகும். வேலையும் சுருக்க முடியும்.

என் பேரு அர்த்தநாரி. திருச்செங்கோடு. கல்யாண மண்டபம் வெச்சிருக்கேன். மண்டபம்னா கல்யாணம் நடத்தறதுதான் வேலைன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. கல்யாணம் தன்னால நடக்குமுங்க. வேலையே சர்டிபிகேட் வாங்கறதுதான். கட்டடம் உறுதியா இருக்குதுன்னு ஒண்ணு, தீப்பிடிச்சா ஓட வழியிருக்குன்னு ஒண்ணு, கக்கூஸ் சுத்தமா இருக்குதுன்னு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸர் வருவாரு. நான் அவங்களை முகூர்த்த நாளாப் பார்த்துத்தான் வரச் சொல்லுவேன். வந்ததும் நேரா மாடி, டைனிங் ஹால். தலைவாழை இலை. ரெண்டு இனிப்பு, வாழைப்பூ வடை, வத்தக்குழம்பு, பாயாசத்துக்கு மேல பாயாசம். நான் பக்கத்துலயே நின்னு, 'இன்னொரு கரண்டி போடப்பா'ம்பேன். இலையை மூடறப்ப மனுசனுக்கு எந்திரிச்சு நடக்க முடியாது. அப்புறம் எங்க சுத்திப் பார்க்கறது? உட்கார்ந்த இடத்துலயே கையெழுத்து. இதை லஞ்சம்னு நினைச்சுராதீங்க. லஞ்சம் வேற. அது தனியாக் கொடுக்கறது.

இருபத்தஞ்சு வருசமா நம்ம மண்டபத்துக்கு ஒரு கெட்ட ரிப்போர்ட் வந்ததில்லீங்க. ஒரு ஆபீஸரும் பசியோட திரும்பினதில்லை.

அப்படி நிம்மதியா இருந்தவனுக்குப் பினாங்குல எதுக்கு வீடுன்னு கேட்பீங்க. எல்லாம் குமரவேலாலதான். என் பங்காளி. போர் போடற ரிக் வண்டி ஓட்டி நாலு காசு சேர்த்தவன். துபாய்ல ஒரு பிளாட் வாங்கிட்டான். வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும். என் மண்டபத்துக்கு வந்து, என் பந்தியில உட்கார்ந்து, என் ரசத்தை ஊத்திக்கிட்டு, 'எங்க பால்கனில நின்னாக்க...'ன்னு ஆரம்பிப்பான். ஒவ்வொரு கல்யாணத்துலயும். மாப்பிள்ளை, பொண்ணை விட்டுட்டு ஜனம் அவன் வாயையே பார்க்கும். அவன் பிளாட்டுல இருந்து தெரியறது இன்னொரு பிளாட்டுங்க. நான் போட்டோ பார்த்திருக்கேன்.

அப்பத்தான் டூர் கம்பெனியில மலேசியா கூட்டிட்டு வந்தாங்க. இங்க தனபாலன் அறிமுகமானாரு. வீடு வாங்கி விக்கற புரோக்கர். அவங்க தாத்தா ராசிபுரம். 'நீங்க நம்ம பக்கமுங்களா'ன்னு கேட்டாரு பாருங்க, அங்கயே நான் விழுந்துட்டேன். அவர்தான் இந்த வீட்டைக் காட்டினாரு. இந்த ஜன்னல்கிட்ட கொண்டாந்து நிறுத்தி, கதவைத் திறந்து விட்டாரு. பாருங்க. கடல். முழுக் கடல். வீட்டுக்காரரு ஒரு சீனப் பெரியவரு, மகன்கூட ஆஸ்திரேலியா போறாராம். எதுக்கு இத்தனை அவசரமாப் போறாருன்னு நான் கேட்கலை. நான் குமரவேல் மூஞ்சியை நினைச்சுட்டிருந்தேன்.

ஊருக்குப் போய் எங்க வீட்டம்மாகிட்டச் சொன்னேன். வசந்தாமணி. வாங்கறதுன்னா அவ தோட்டத்தை வித்துத்தான் வாங்கோணும். அவங்கப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த தென்னந்தோப்பு, கிணத்தோட. நான் போட்டோவையெல்லாம் காட்டிக் கடலைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாம் கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

'இந்த வீட்டை யார் பார்த்தாங்க?'

'நான் பார்த்தேன். தனபாலன் பார்த்தாரு.'

'நீங்க ஆசைப்பட்டவரு. அவரு விக்கறவரு ஆளு. எங்கப்பா சந்தையில மாடு பிடிக்கறப்பவே தரகன் பேச்சைக் கேட்க மாட்டாரு. ரெண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கச் சொல்லுவாரு. வெளிநாட்டுல அப்படி வீடு பார்க்கறதுக்குன்னே ஆளு இருக்காமே. அந்தாளு நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடறேன்.'

சம்பந்தமில்லாதவனாம். சம்பந்தம் இருக்கறவனே உண்மையைச் சொல்றதில்லை, சம்பந்தமில்லாதவன் எதுக்குங்க சொல்லப் போறான்? அவ மேல தப்பில்லை, வெளியுலகம் தெரியாதவ. ஆனா எனக்குக் கவலையே வரலை. ஆளு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடோணும், அவ்வளவுதானே? நம்ம தொழிலே அதுதானே?

வந்தது மிஸ் கோன்னு ஒரு சீனப் பொண்ணு. ஒல்லியா, தலையில ஒரு டார்ச்சைக் கட்டிக்கிட்டு. நான் அதுக்காகவே மறுபடி பிளேன் ஏறி வந்திருந்தேன். ஹோட்டல்ல சொல்லி வாழை இலை, மட்டன், மீன், எல்லாம் இந்த ஹாலுக்கே வரவழைச்சுட்டேன். அந்தப் பொண்ணு 'தேங்க் யூ, நோ'ன்னுட்டு ஏணியைப் போட்டு மேல போயிருச்சு. கூரைக்குள்ள போனது வர்றதுக்குள்ள குழம்பு ஆறிப்போச்சு. இறங்கினா, சாப்பிட வரும்னு பார்த்தா, தரைக்கு அடியில இருக்கற சந்துல படுத்துப் போகுது. சுவத்துல ஈரம் பார்க்கற ஒரு கருவியை வெச்சாக் கீச்சுங்குது. எல்லாச் சுவத்துலயும் கீச்சு. மத்தியானம் வெளியே படியில உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்துச்சு. ரொட்டி. நடுவுல வெள்ளரிக்காய். இங்க மட்டன் காத்துக் கிடக்குது, அங்க வெள்ளரிக்காய். எனக்கு வயிறெரிஞ்சு போச்சுங்க.

கிளம்பறப்ப நான் மரியாதையாத்தான் சொன்னேன். 'அம்மா, நல்ல ரிப்போர்ட்டாக் கொடுத்துரு.'

அது நின்னு என்னைப் பார்த்துச்சு. 'நீங்கதானே வாங்கறவரு?'

'ஆமா.'

'எனக்குச் சம்பளம் கொடுக்கறது நீங்கதானே?'

'ஆமா.'

'அப்ப வீட்டுல கோளாறு இருந்தா உங்களுக்குத் தெரிய வேண்டாமா?'

'எனக்குத் தெரிஞ்சாப் பரவால்லம்மா. எங்க வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாது.'

தலையில இருந்த டார்ச்சை அவுத்துச்சு. அப்புறம், 'வீடு யார் பணத்துல வாங்கறீங்க?'ன்னுச்சு.

'அவ பணத்துலதான்.'

'அப்ப வாங்கறவங்க அவங்கதானே?'

பாருங்க, எத்தனை படிச்சு என்ன. குடும்பம்னா என்னன்னே தெரியலை.

ரிப்போர்ட் வந்துச்சு. புஸ்தகம் மாதிரி. பக்கத்துக்குப் பக்கம் போட்டோ, போட்டோவுக்குப் போட்டோ செவப்புல வட்டம். கூரை மரத்துல கரையான். பின்பக்கம் மண்ணு சரிவுல இறங்கிட்டிருக்கு, அதோட வீடும் கொஞ்சங் கொஞ்சமா இறங்குது. பின் சுவத்துல இருந்த விரிசலை யாரோ சிமென்ட் வெச்சு அடைச்சு, மேல புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க. 'வாங்குவதற்குமுன் தீர யோசிக்கவும்'னு கடைசியில. நான் பொறுமையாப் பூராவும் தனபாலனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் தம்பி. ஒரு இடத்துல கூடக் கடல் தெரியுதுன்னு எழுதலை. வீட்டுல முக்கியமானதே அதுதானே? அதை விட்டுட்டு எழுதினா அது என்ன ரிப்போர்ட்டு?

தனபாலன்தான் தைரியம் சொன்னாரு. 'அண்ணே, இவங்க இப்படித்தான், பயமுறுத்தினாத்தான் அடுத்த வேலை கிடைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. மிஸ்டர் மனோகர். அனுபவஸ்தர்.' மனோகர் வந்தாரு. மனுசன்னா அவரு மனுசன். முதல்ல சாப்பாடு, மீன் தலைக் கறி. வேண்டாம்னு ஒரு வார்த்தை வாயில வரலை. அப்புறம் கார்ல வந்து இந்த ஹால்ல, இதோ நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துல நின்னாரு. ஜன்னலைத் திறந்தேன். 'ஆஹா'ன்னாரு. ரெண்டு பக்கத்துல ரிப்போர்ட். அடியில முத்திரை, கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில ஒரு கோடு இழுத்து ரெண்டு புள்ளி வெச்சாரு பாருங்க, அத்தனை அழகு.

அவரும் சம்பந்தமில்லாதவர்தானே? நீங்களே சொல்லுங்க. அன்னிக்குத்தான் நான் அவரை முதல் தடவை பார்க்கறேன்.

ஊர்ல வசந்தாமணி அதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா. 'இவரு மேல ஏறிப் பார்த்தாருங்களா?' பார்த்தாருன்னேன். 'கீழ குனிஞ்சு பார்த்தாருங்களா?' பார்த்தாருன்னேன். மீன் தலைக்கு முன்னாடி குனிஞ்சதை நானே பார்த்தேன். அவ தோட்டத்துக்குப் போய்க் கிணத்து மேட்டுல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா. பொம்பளைங்க அப்படித்தான், ஒரு காகிதத்தைப் பார்த்தா நம்பிக்கை வந்துரும். வீட்டை அவ பேர்லயே வாங்கினேன். அதுல நான் குறை வைக்கலை.

பால் காய்ச்சறதுக்குச் சொந்தக்காரங்க ஒரு கூட்டமே பிளேன்ல வந்துச்சு. குமரவேலும் வந்தான். வரணும்னுதானே கூப்பிட்டேன். ஜன்னலைத் திறந்து விட்டு அவன் மூஞ்சியைப் பார்த்தேன் தம்பி. போதும். போட்ட பணம் அங்கயே திரும்பிருச்சு. அடுப்பைப் பத்த வெச்சுப் பால் வெச்சா, பொங்குது, பொங்கி ஒரே பக்கமா ஊத்துது. சட்டியில இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. 'வடக்கே பொங்குது, வடக்கே பொங்குது, ஐஸ்வர்யம்'னு பெரியவங்கல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன். வசந்தாமணி மட்டும் அடுப்பையே பார்த்துட்டு நின்னா. அப்புறம் தாம்பாளத்துல இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில வெச்சா. வெச்சாத்தான், தள்ளலை. அது தன்னால உருண்டுச்சு. ஹாலைத் தாண்டி, சமையக்கட்டைத் தாண்டி, பின் சுவத்துல போய் டொக்குன்னு நின்னுச்சு.

'இதை அந்தாளு பார்த்தாருங்களா?'ன்னா.

சுத்தி அத்தனை ஜனம். குமரவேல் வேற பல்லைக் காட்டிட்டு நிக்கறான். நான் என்ன பண்ணுவேன்? பேச்சைக் கலகலப்பாக்கலாம்னு, மிஸ் கோவோட வெள்ளரிக்காயையும் மனோகரோட மீன் தலையையும் சொன்னேன். எப்படிச் சமாளிச்சேன் பார்த்தீங்களான்னு. நல்லாச் சொன்னேன், நடிச்சே காட்டினேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. குமரவேலே, 'நீ ஆளு கெட்டிடா'ன்னு முதுகுல தட்டினான்.

அவ சிரிக்கலை. பந்தி முடியற வரைக்கும் எல்லாருக்கும் பரிமாறினா. பாத்திரத்தையெல்லாம் எடுத்து வெச்சா. அப்புறம் வந்து, 'அந்தப் பொண்ணு நம்பர் இருக்குங்களா?'ன்னு கேட்டா.

மறுநாள் மிஸ் கோ வந்துச்சு. இவளுக்கு இங்கிலீஷ் வராது, அதுக்குத் தமிழ் வராது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. பட்டுச் சேலையோட அந்த ஏணியில ஏறினாங்க தம்பி, எங்க வீட்டம்மா. கூரைக்குள்ள தலையை விட்டுப் பார்த்தா. தரைக்கு அடியில முழங்கால் போட்டுப் போனா. வெளிய வந்தா சேலையெல்லாம் மண்ணு, தலையில நூலாம்படை. நான், 'அம்மிணி, விடு, ஊர்ல இல்லாத விரிசலா'ன்னேன். நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டா. மிஸ் கோவுக்குக் கேசரி வெச்சுக் கொடுத்தா. அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சுங்க! கரண்டி கேட்டு வாங்கி ரெண்டு தடவை சாப்பிட்டுச்சு. எனக்கு மட்டும் இருந்த ரூல் அன்னிக்கு எங்க போச்சு?

சொந்தக்காரங்க பிளேன்லயே அவளும் போயிட்டா. போனவ சும்மா இருந்தாளா? மண்டபத்துக்கு இன்ஜினியரைக் கூப்பிட்டா. கோயமுத்தூர்ல இருந்து, எங்களுக்கு யாருன்னே தெரியாத ஒருத்தரை. முகூர்த்தமில்லாத நாளாப் பார்த்து. மேனேஜர் எனக்குப் போன் போட்டு அழுகறான், 'ஐயா, அவருக்கு ஒரு காபி கூடக் கொடுக்க விடலைங்க, எல்லாம் பார்த்து முடிச்சப்புறந்தான்னுட்டாங்க.' அந்த ஆளு மாடி டைனிங் ஹால்ல சுத்தியலை வெச்சுத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு, கம்பியெல்லாம் துருப் பிடிச்சு உப்பிக் கிடக்குது, தளம் எப்ப வேணாலும் இறங்கும்னுட்டுப் போயிட்டான். இவ மாடியைப் பூட்டிட்டா. வைகாசி முகூர்த்தம் அத்தனைக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டா. பொண்ணு வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் தானே போய், மாடி சரியில்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கா. எங்க மண்டபத்தைப் பத்தி எங்க வீட்டம்மாவே.

போன்ல கத்தினேன். 'இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே, இப்ப மட்டும் என்ன ஆயிரும்?'

அவ மெதுவாக் கேட்டா. 'ஒரு பந்திக்கு எத்தனை பேருங்க உட்காருவாங்க?'

'முன்னூறு பேரு. தாராளமா.'

போனை வெச்சுட்டா. நான் என்ன தப்பாச் சொன்னேன்? நம்ம டைனிங் ஹாலோட பெருமையே அதுதானே.

ரெண்டு நாள் கழிச்சு அவளே கூப்பிட்டா. 'வீட்டை வித்துட்டு வாங்க. வாங்கறவங்ககிட்ட ஒண்ணையும் மறைக்காம வித்துட்டு வாங்க. கிடைச்சது கிடைக்கட்டும். மறைச்சு வித்தீங்கன்னு தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களும் வர வேண்டாம், கடலைப் பார்த்துட்டு அங்கயே இருந்துக்கங்க.' அம்பது வயசுக்கு மேல ஒருத்தனைப் பார்த்துப் பேசற பேச்சா இது? பேர் அவ பேர்ல இருக்கு, அந்த தைரியம்.

அதான் தம்பி, நாலு மாசமா ஒத்தையாக் கிடக்கறேன். கட்டிலுக்கு ரெண்டு காலுக்கு அடியில செங்கல் வெச்சிருக்கேன், இல்லைன்னா ராத்திரியில சுவத்துப் பக்கம் உருண்டு போயிருவேன். விசா விசயமாப் போய் வந்துட்டு ஒரே அலைச்சல். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வாங்க வந்தாங்க. ரெண்டு பேரும் உங்களை மாதிரி ஆளை அனுப்பினாங்க, அத்தோட அவங்க போனை எடுக்கறதில்லை. சிங்கப்பூர்க்காரங்க மூணாவது. சின்ன வயசுப் புருசன் பொண்டாட்டி, பாவம், கைக்குழந்தை வேற இருக்காம். கடல்னா உசிராம். அவங்க ஆசையை நாம எதுக்குக் கெடுக்கோணும்?

நான் உங்களை ஒண்ணும் எழுதாதீங்கன்னு சொல்லலை. கரையானை எழுதிக்கங்க. கரையான் எந்த வீட்டுல இல்லை? அது எழுதினா உங்களுக்கும் வேலை பார்த்த மாதிரி இருக்கும். பின்பக்கம் மட்டும் போகாதீங்க. அங்க புதர், பாம்பு இருக்கும். புது வெள்ளை வேற இப்பத்தான் அடிச்சிருக்கேன், சட்டையில ஒட்டிக்கும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான். பேசிட்டு வந்துடறேன்.

சொல்லு அம்மிணி. வந்துட்டாரு. எனக்கு எதுக்கால உட்கார்ந்திருக்காரு, தமிழ்த் தம்பிதான்... ஆமா, காட்டினேன்... எல்லாம் காட்டினேன், கூரை, அடி, எல்லாம். பின்பக்கமா? அங்கதான் முதல்ல கூட்டிட்டுப் போனேன். நானே கைகாட்டிச் சொன்னேன், இந்தா, விரிசல் இங்கன்னு... சத்தியமா... அவர்கிட்டயா? அவர்கிட்ட உனக்கென்ன பேச்சு? வேலையில இருக்காரு... சேரி சேரி. கோவிச்சுக்காத. கொடுக்கறேன்.

தம்பி, உங்ககிட்டப் பேசோணுமாம். ரெண்டே வார்த்தை. ஐயா எல்லாத்தையும் காட்டிட்டாரு, ஒண்ணையும் மறைக்கலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் நீங்க பார்க்கறதைப் பார்த்துக்கங்க. உங்க அப்பா வயசுல இருக்கறவன் கேட்கறேன். என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? பயப்படாமச் சொல்லுங்க, நான் இப்ப பேசறது அவளுக்குக் கேட்காது. போனைக் கையால பொத்தித்தான் பிடிச்சிருக்கேன்.